கொட்டாஞ்சேனைக்கு ஒரே ஒரு சிபாரிசு

லவினாவிடம் போய், அந்த நிலாவைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றித் தாங்க என்று கேட்டாலும், "ஓம் ஓம், பாப்பம், நாளைக்கு வாங்க" என்றுதான் சொல்லுவாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துக் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை பார்த்து, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. 'ஏலாது' என்ற சொல் மட்டும் இன்னும் அவள் வாய்க்குள் முளைக்கவில்லை. பல் முளைக்க வேண்டிய இடத்தில்கூட 'ஓம்'தான் முளைத்தது.

அந்த ஓமுக்கு ஊரில் பெரிய கிராக்கி. கொள்ளுப்பிட்டியில் அவள் படித்த தனியார் கம்பஸில் 'சகோதரிகள் வட்டம்' என்று ஒன்று இருக்கிறது. முதல் வருஷப் பிள்ளைகளில் கொஞ்சப் பேரைத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்தவளுக்கு வட்டத்தின் வீட்டில் அறை, மூத்த அக்காமாரின் நோட்ஸ், படித்து முடித்ததும் எந்த அக்காவாவது போன் எடுத்து வாங்கித் தருகிற வேலை. சேர்வதற்குப் பழைய உறுப்பினர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், அதற்குப் பிறகு ஒரு இன்டர்வியூ. கொள்ளுப்பிட்டிப் பிள்ளைக்கு அம்மா உறுப்பினர், சித்தி உறுப்பினர், விட்டால் வீட்டுப் பூனையும் உறுப்பினர். கொட்டாஞ்சேனை முழுவதற்கும் லவினா ஒருத்திதான்.

கேட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதங்களை நம்பினால் கொட்டாஞ்சேனைப் பெண்களுக்குச் சிறகு மட்டுந்தான் பாக்கி. பஸ் கொண்டக்டரின் கையைக் கடித்தவளைக்கூட 'அநியாயத்தைப் பொறுக்காதவள்' என்று எழுதியிருந்தாள்.

இந்த வருஷம் முதலில் கேட்டது ஹபீலா, மதிலுக்கு அந்தப் பக்கத்து ராசிக் நானாவின் மகள். அந்த வீட்டிலிருந்து கம்பஸ் வாசலை மிதித்த முதல் பிள்ளை. லவினா ஓம் என்றாள். அடுத்த கிழமை வெள்ளவத்தையிலிருந்து அக்கா ஐறீன் வந்து, தன் மகள் ரொஷேலுக்கும் ஒன்று எழுதச் சொன்னாள். தாய் போன பிறகு லவினாவை வளர்த்தெடுத்த அக்கா. அங்கேயும் ஓம். இரண்டு கடிதங்களையும் சேர்த்தே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

பிறகுதான் வட்டத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தாள். குரலில் தேன் வடிந்தது. எல்லாருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று, இந்த வருஷத்திலிருந்து ஒரு உறுப்பினருக்கு ஒரு கடிதம்தானாம். ஈமெயிலில் அறிவித்தார்களாம். ஒபீஸ் ஈமெயிலைத் தவிர வேறு ஈமெயில் திறக்கிற பழக்கம் லவினாவுக்கு எங்கே இருந்தது? பின்னேரத்துக்குள் ஒரு பெயரைச் சொல்லாவிட்டால் இரண்டு கடிதமும் தள்ளுபடியாம்.

"உங்கட பக்கம் வீட்டுக்கு மூண்டு பேர் எழுதுறாங்க, எங்கட பக்கம் ஊருக்கே ஒராள். இது என்ன நியாயம் மகள்?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே அன்ரி" என்றது தேன்.

அன்றைக்கு ஒபீஸில் லவினாவின் தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது. முதலில் கேட்டது ஹபீலா, முதலில் வாக்குக் கொடுத்ததும் ஹபீலாவுக்குத்தான். அவளுக்கு வேறு ஒருவரும் இல்லை. இதெல்லாம் லவினாவுக்குத் தெரியும். ஆனால் ஐறீனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. பின்னேரம் போனில் அவள் சொன்ன பெயர் ரொஷேல்.

அடுத்த நாள் மதிலுக்கு மேலால் ஒரு பாத்திரம் வந்தது. கடிதம் எழுதியதற்கு நன்றியாக ஹபீலாவின் உம்மா ஜவாஹிறா கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். லவினாவின் வட்டிலப்பப் பைத்தியத்துக்குக் கொழும்பில் கருப்பட்டி விலையே ஏறும். அன்றைக்கு ஒரு கரண்டிகூடத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அந்த மதிலைத் தாண்டி வந்த பாத்திரம் எதுவும் இதுவரை வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. லவினா கேக் வாங்கி வந்து துண்டு துண்டாக அடுக்கினாள், வெளியே எடுத்தாள், மறுபடியும் அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் பாத்திரம் பொய் சொல்கிற மாதிரியே இருந்தது. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு, மதிலால் நீட்டாமல், வாசலால் போனாள்.

கதவைத் திறந்தது ஹபீலா. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க அன்ரி. இன்டர்வியூக்கு அபாயா போட்டா ஒண்டும் செல்ல மாட்டாங்கதானே? உம்மா புதுசா தெச்சிக்கொண்டு ஈக்காங்க."

லவினா நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சட்டத்தை, போனை, தான் சொன்ன பெயரை. ஹபீலா கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"அப்ப அடுத்த வருஷம் எழுதேலுமா அன்ரி?"

"ஓம், பாப்பம்" என்பது லவினாவின் நாக்கு நுனிக்குத் தானாகவே ஓடி வந்தது. அதை விழுங்குவது வட்டிலப்பத்தை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஏலாது மகள். முதல் வருஷப் பிள்ளைகளத்தான் எடுப்பாங்க."

வெள்ளவத்தை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியே வந்து, இந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது.

உள்ளே தையல் மெஷின் நின்றது. ஜவாஹிறா வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. அந்த வீட்டில் ஒரு கோப்பை பிளேன்ரீகூடக் குடிக்காமல் லவினா முதல் தடவையாகத் திரும்பியது அன்றைக்குத்தான்.