வராத பிள்ளைகளுக்கு ஒரு மேக்ரோ

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் ஏறினால், முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில்தான், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எக்ஸெல்லைக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்து வரும் அம்மா ஒரு நாள், "இது இன்னா சீரியல்மா, ஒரு ஆளு கூட வர்லியே?" என்று கேட்டார்.

என் வேலைகளில் ஒன்று, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் சொல்வது. வகுப்பு டீச்சர்கள் முதல் பீரியட் முடிவதற்குள் கம்ப்யூட்டரில் அவரவர் வருகை ஷீட்டைத் திறந்து, வராதவர் பெயருக்கு எதிரே ஒரு பூஜ்யம் போடுவார்கள். நான் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் மெசேஜ் அடிக்க வேண்டும். பெயர் மாறும், வகுப்பு மாறும், வாக்கியம் மட்டும் ஒன்றுதான். திங்கட்கிழமை என்றால் பாதிப் பள்ளிக்கூடத்துக்கு வயிற்று வலி வந்துவிடும். நான் மதியம் வரை அடித்துக்கொண்டிருப்பேன். மதியம் போய்ச் சேருகிற மெசேஜால் யாருக்கு என்ன பிரயோஜனம்? பையன் அதற்குள் சினிமா பார்த்து முடித்திருப்பான்.

ஆர்வத்தால் மேக்ரோ எழுதினேன் என்று சொன்னால் பொய். எரிச்சலால் எழுதினேன்.

மேக்ரோ ஒன்றும் பெரிய வித்தையில்லை. எக்ஸெல்லுக்கு நாம் எழுதிவைக்கும் உத்தரவு, அவ்வளவுதான். ஒரு பட்டனை அழுத்தினால், நான் கையால் செய்வதையெல்லாம் அது வரிசை வரிசையாகச் செய்துகொண்டு போகும். எழுத்தை ஒட்டவைக்க கீபோர்டில் ஏழாம் எண்ணுக்கு மேலே முறுக்கு மாதிரி ஒரு குறி இருக்கிறது. "உங்கள்", ஒரு முறுக்கு, "மகள்", ஒரு முறுக்கு, பெயர் இருக்கும் கட்டம், மறுபடி ஒரு முறுக்கு, "இன்று பள்ளிக்கு வரவில்லை". முதல் நாள் ஒட்டியதில் நடுவே இடைவெளி விட மறந்துவிட்டேன். சொற்களெல்லாம் காலை நேரத்து டவுன் பஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. மகனா மகளா என்று பார்க்க ஒரு 'இஃப்' போட்டேன். "வரவில்லை" என்பது இரண்டு பேருக்கும் பொது. அந்த மட்டில் தமிழ் எனக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்தியது.

மேக்ரோவைக் கொண்டு ஃபார்முலாவை எழுதவைப்பதுதான் என் உயிரை வாங்கியது. மேக்ரோவுக்கு ஃபார்முலாவும் வெறும் எழுத்துதான். அதை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். ஃபார்முலாவுக்குள்ளேயும் மேற்கோள் குறிகள் இருக்கும், அவற்றை இரட்டையாகப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வரி சிவப்பாகி நின்றுவிடும். சோறு வடிக்கும்போதும் மேற்கோள் குறியைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "யாரத் திட்டிக்கினு இருக்கற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரைத் திட்டவில்லை என்று தெரிந்ததும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் வந்துவிட்டது. வருகை ஷீட்டில் பத்தாவது வரிசையில் இருக்கிற பிள்ளையின் பெயரும் வீட்டு நம்பரும் போன் ஷீட்டிலும் பத்தாவது வரிசையில் இருக்கும். மேக்ரோ அந்த வரிசை எண்ணை எடுத்து போன் ஷீட்டின் பெயரோடு ஒட்டி, தினமும் காலையில் எல்லா ஃபார்முலாவையும் புதிதாக எழுதும். பூஜ்யம் இருந்தால் மெசேஜ் தயாராகி அந்த நம்பருக்குப் போய்விடும். பட்டனை அழுத்திவிட்டு டீ வாங்கி வந்தால் வேலை முடிந்திருக்கும். ஹெச்.எம். மேடம் மீட்டிங்கில் என்னைப் பாராட்டினார். நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, ஒரு மொபெட் கேட்டைத் தாண்டி நேராக ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கால் முழுக்க வயல் மண். பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெள்ளைச் சட்டையும் கையில் போனுமாக இறங்கினார். முன்னவர் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. பின்னவர் அவளுடைய தாய்மாமன். குயிலாப்பாளையத்தில் இருந்து அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டுவந்தவர், இன்னும் ஊர் திரும்பவில்லை. கொல்லையில் மல்லாட்டைக்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை வெட்டிக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்திருக்கிறது. அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. மச்சானிடம் கொடுத்திருக்கிறார். மச்சான் கொல்லைக்கே கேட்கிற மாதிரி படித்துவிட்டார்: உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.

"பஸ் ஏத்தி உட்டுட்டுதான் மேடம் வந்தேன்" என்றார் அப்பா.

வகுப்புக்கு ஆள் அனுப்பினேன். அந்தப் பெண் கெமிஸ்ட்ரி ரெக்கார்டைக் கையில் பிடித்தபடி, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் வந்து நின்றாள். அப்பா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "உன்ன ஒண்ணும் சொல்லல, நீ போயி படி" என்று அவளிடம் சொன்னார். அவள் போகவில்லை.

நான் ஷீட்டைத் திறந்தேன். பதினோராம் வகுப்பின் வருகை ஷீட்டில் முதல் வரிசையில் மஞ்சள் கலர் அடித்து, நடுவில் சிவப்பாக ஒரு "உ" இருந்தது. பிள்ளையார் சுழி.

அந்த வகுப்பின் டீச்சர் பிரசவ லீவில் போனதால் அன்றுதான் வேறொருவர் பொறுப்பெடுத்திருந்தார். இரும்பையில் இருந்து வருகிறவர். பிரதோஷம் தவறாமல் மாகாளேஸ்வரரைப் பார்ப்பவர். வருகை ஷீட்டைத் திறந்ததும் மேலே ஒரு வரிசையைச் செருகி, சுழி போட்டு, அதற்குப் பிறகுதான் பூஜ்யத்தைப் போட்டிருக்கிறார். நாம் கையால் எழுதிவைத்த சாதாரண ஃபார்முலா என்றால், வரிசை ஒன்று நகர்ந்தால் தானும் நகர்ந்துகொள்ளும். என் மேக்ரோ எண்ணைச் சொல்லிச் சொல்லி எழுதுவது. அதற்குப் பிள்ளையாரும் தெரியாது, ஒன்றும் தெரியாது. போன் ஷீட் நகரவில்லை, வருகை ஷீட் மட்டும் ஒரு வரிசை கீழே இறங்கியிருந்தது. பட்டியலில் இவளுக்கு மேலே இருக்கிற பெண்ணுக்குத்தான் அன்று காய்ச்சல்.

டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்ல காரியம் மேடம், அதப் போடாம எப்படித் தொடங்கறது?" என்றார். மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடுகிறவள் நான். என்ன சொல்லித் திட்டுவது?

அப்பாவுக்கும் மாமனுக்கும் ஸ்கிரீனைக் காட்டி விளக்கினேன். வரிசை, நகர்ந்தது, ஒட்டியது என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இன்னும் இறுகிக்கொண்டே போனது.

"கம்ப்யூட்டரு சும்மா அனுப்புமாங்க?" என்றார் மாமன். "இன்னிக்கி இருக்குது, சரி. லீவுக்கு முந்தி தெனமும் இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். ரெஜிஸ்டர் இருக்குது, பாருங்க."

"நீங்க உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் பேசுவீங்க." அவர் அப்பா பக்கம் திரும்பினார். "மாமா, கொல்லையில அத்தன பேரு கேட்டுக்கினு இருந்தாங்க. இனிமே யாரு வாய மூடுவ? டிசியை வாங்கிக்கோ. அந்த வரன் விஷயம் சொன்னன் இல்ல, அதயும் இந்தத் தையிலயே முடிச்சிடலாம்."

அந்தப் பெண் ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அழவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "தப்பு ஷீட்டுல இருக்குது, பொண்ணு மேல இல்ல. ஒரு வரிசை நகர்ந்ததுக்காக ஒரு பொண்ணு படிப்ப நிறுத்துவீங்களா?" என்று கத்தியே விட்டேன். ஹெச்.எம். மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்பா எழுந்து மகள் பக்கத்தில் போய் நின்றார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார். "மேடம், வராத அன்னிக்கி மெசேஜ் போடறீங்க இல்ல? வந்த அன்னிக்கும் போடுவீங்களா? எனக்கு மட்டும். நான் இவருக்கு அனுப்பிடறேன். தெனமும் பாத்துக்குவாரு, அப்புறம் யாரும் ஒண்ணும் பேச முடியாது."

மாமன் யோசித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். டிசி பேச்சு அன்றைக்கு நின்றது.

அன்றே மேக்ரோவை மாற்றினேன். வரிசை எண்ணை நம்புவதை விட்டுவிட்டு, சேர்க்கை எண்ணைத் தேடி ஒட்டும்படி எழுதினேன். சுழி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவளுக்காகத் தனியாக ஒரு 'இஃப்' சேர்த்தேன். இந்த எண்ணாக இருந்து, பூஜ்யம் இல்லாமல் இருந்தால், "உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வந்துள்ளார்". தினமும் காலையில் அது போகும். அப்பா அதை மச்சானுக்கு அனுப்புவார். தை போனது, மாசி போனது, கல்யாணப் பேச்சு எழவில்லை. அவள் பதினொன்றை முடித்துப் பன்னிரண்டுக்கு வந்தாள். ஒரு வரி ஃபார்முலாவால் ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று பாசஞ்சரில் பூக்கார அம்மாவிடம்கூடப் பெருமை அடித்தேன். "நல்லது பண்ணம்மா" என்றார்.

ஜூலை வாக்கில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஆபீசுக்கு வந்தாள். ஸ்காலர்ஷிப் கையெழுத்துக்கு என்று நினைத்தேன்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? வராத பிள்ளைங்களுக்குத்தான மெசேஜ் போவும். எனக்கு மட்டும் ஏன் தெனமும் போவுது?"

"உங்க அப்பாதானம்மா கேட்டாரு. உன் நல்லதுக்குத்தான்."

"தெரியும் மிஸ்." கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா அன்னிக்கி நான் வகுப்புலதான் இருந்தேன். வராம இருந்தது வேற பொண்ணு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் பண்ணாத எனக்குத்தான் தெனமும் சாட்சி சொல்றீங்க."

அவள் கோபமாகப் பேசவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. மணி அடித்ததும் போய்விட்டாள். என் சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது.

அந்த 'இஃப்'பை எடுத்துவிடலாம் என்றால் மாமன் மறுபடி கிளம்பிவிடுவார். எடுக்காமல் இருந்தால் அவள் கேட்டது காதிலேயே இருக்கும். சாயங்கால ரயிலிலும் அதே யோசனை. விக்கிரவாண்டி தாண்டும்போது ஒன்று தோன்றியது. அவளுக்கு மட்டும் என்பதுதானே குறை. அதை மட்டும் எடுத்துவிட்டால்?

மறுநாள் ஹெச்.எம். மேடத்திடம் போய், பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும், பையன் வீட்டுக்கும் சேர்த்து, வந்த அன்றும் மெசேஜ் போகட்டுமா என்று கேட்டேன். வீணாக எதற்கு என்று முகம் சுளித்தார். "பேரன்ட்ஸுங்க சந்தோஷப்படுவாங்க மேடம், அட்மிஷனுக்கு நல்லது" என்றதும் தலையாட்டிவிட்டார். தனி 'இஃப்'பை அழித்தேன். "வந்துள்ளார்" எல்லாருக்கும் போனது.

முதல் இரண்டு நாள் ஒரே பேஜாரு. ஒரு அம்மா போன் செய்து, தன் பையன் அவ்வளவு ஒழுங்காக வருகிறானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது என்னை முறைத்துக்கொண்டு போனார்கள். முறைக்கட்டும் என்று இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அப்பா போன் செய்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"மேடம், எங்க எதிர்வீட்டுப் பையனுக்கும் மெசேஜ் வருதாமே?"

"ஆமாங்க. இப்ப எல்லாருக்கும் போவுது."

"அவங்க யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் போட்டேன்."

"கேட்டு வாங்கினது நான் ஒருத்தன்தான். அப்ப எனக்கு நிறுத்திடுங்க மேடம்" என்றார்.

டிசிக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "ஏங்க, பொண்ணு நல்லாத்தான படிக்குது? மச்சானுக்கு அனுப்பணும்னு சொன்னீங்களே?"

"நேத்து அனுப்ப மறந்துட்டேன். களத்துல வேலையா இருந்தேன். அவரு போன் பண்ணி, 'இன்னா மாமா, மெசேஜ் வர்ல, பொண்ணு பள்ளிக்கூடம் போச்சா இல்லியா'ன்னு கேட்டாரு." மோட்டாரை நிறுத்தினார் போலிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்டது. "'போயிருக்கும்'னு சொன்னேன் மேடம். மெசேஜ எடுத்துப் பாக்காமயே சொன்னேன்."