சாரத்துக்குள் காற்சட்டை

தையல் தொழிலில் துணியைவிடப் பொல்லாதது, அதைப் போடப்போகிற ஆள். மெஷின் மிதித்தவர்கள் ஓம், உண்மை என்பீர்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். வாடிக்கை முழுக்க இளந்தாரிப் பெடியள்.

வெள்ளைத் துணி

துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் இடுப்பில் கட்டின சாரத்தோடு வந்து நிற்பார்கள். கப்பற்காரர் போடுகிற மாதிரிக் கால் அகன்ற நீளக் காற்சட்டை வேண்டும். செல்வம் என்றொரு பெடியன் அதையும் வெள்ளையில் கேட்டான். கிரீஸ் பூசுகிற வேலைக்கு வெள்ளையா என்றேன்.

"ஊத்தை பட்டால்தானே அண்ணை, உழைக்கிறன் எண்டு தெரியும்."

ஆளுக்கொரு காரணம்

இந்தப் பெடியளை என்ன பிடித்தாட்டுகிறது என்று என் கடையில் தினமும் விசாரணை நடக்கும். கடைக்கு வருகிற வாத்தியார் ஒருவர் சினிமா என்பார். பக்கத்துக் கடைக்காரர் வெள்ளைக்காரன் காசு என்பார். செல்வத்தின் அப்பர் கரைவலை இழுத்து மீன் பிடிக்கிறவர். அவர் காரணமே தேடவில்லை. காற்சட்டையோடு வந்தால் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

செல்வம் எதிர்த்துக் கதைக்கவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டு வருவான். என் கடையில் சாரத்தை அவிழ்த்துச் சுவரில் கொழுவிவிட்டு வேலைக்குப் போவான். பின்னேரம் திரும்பவும் கட்டிக்கொள்வான். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"அங்கை நான் அப்புவின்ர மகன். இஞ்சைதான் அண்ணை நான் செல்வம்."

நிறம்

ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட அன்று ஊரே காட்டுப் பக்கம் ஓடியது. நானும் மூட்டை கட்டினேன். அப்போது செல்வத்தின் அப்பர் மூச்சு வாங்க வந்தார். நீலச் சாரம் கட்டின பெடியனைக் கண்டீர்களா என்று துறைமுக வாசலில் எல்லோரையும் கேட்டிருக்கிறார், ஒருவரும் காணவில்லை. என் சுவரில் தொங்கிய சாரத்தைக் கண்டதும் மனிதர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். உள்ளதைச் சொன்னேன். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன நிறம் தம்பி, அந்தக் காற்சட்டை?"

லொறிக்குப் பக்கத்தில்

நானும் கூடப் போனேன். செல்வம் காயப்பட்டவர்களைத் தூக்கி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான். காற்சட்டை முழுக்க இரத்தம், அவனுடையது இல்லை. போன கிழமைவரை சீப்பும் பாட்டுமாகத் திரிந்தவன், தன்னைவிட மூத்தவர்களுக்கு இங்கே பிடி, மெல்லத் தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான், அவர்களும் கேட்டார்கள். வீட்டில் யாரிடமும் யோசனை கேட்டறியாத அப்பர், கிட்டப் போய், "இப்ப நாங்கள் என்ன செய்யிறது, நீ சொல்லு" என்று மகனைக் கேட்டார்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கோ அப்பு. இஞ்சை இன்னும் ஆக்கள் கிடக்கினம், எனக்கு வர ஏலாது."

நாற்பது வயதில் நான் பெரிய ஆளானதும் அன்றுதான்: செல்வம் காட்டிய காயக்காரரின் காலை நானும் பிடித்துத் தூக்கினேன், ஓடுவதற்குக் கட்டின மூட்டை கடையிலேயே கிடந்தது.