சுண்டல் அண்டாவைத் தூக்கியவர்

மூன்றாம் வகுப்பு எடுக்கும் பத்மினியைப் போல ஒரு கல்லுளிமங்கியை என் இருபத்தாறு வருட சர்வீசில் பார்த்ததில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு சமணக் குடும்பத்துப் பெண். எது சொன்னாலும் "சரிங்க சார்" என்பாள். தான் நினைத்ததைத்தான் செய்வாள். தலைமையாசிரியர் என்று நான் ஒருவன் எதற்கு?

வாரம் ஒரு மணி நேரம் வாய்ப்பாட்டை மூட்டை கட்டிவிட்டு, தானே எழுதி வரைந்த துப்பறியும் புத்தகத்தை விரிப்பாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கேள்வி. பிள்ளைகள் கூடிப் பேசி, அடுத்து எந்தப் பக்கம் போவதென்று முடிவெடுக்க வேண்டும். ஒரே கூச்சல்!

"ஆபீசரம்மா வந்து பாக்கட்டும். வேணாம்னு சொல்லிட்டா அன்னியோட நிறுத்திடணும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். முகம் வாடிவிட்டது.

வட்டாரக் கல்வி அலுவலர் அருணாதேவி வந்தார். "இருபது நிமிஷம்தான் சார், வேங்கிக்கால்ல மீட்டிங் இருக்கு" என்று பின் பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் குஷி.

கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு வைத்திருந்த சுண்டல் அண்டா காணோம். இதுதான் கதை. மலையைச் சுற்றி எட்டு லிங்கம், லிங்கத்துக்கு ஒரு பக்கம். பிள்ளைகள் இந்திரலிங்கம், அக்னிலிங்கம் தாண்டி எமலிங்கத்துக்கு வந்தார்கள். 'திருடன் அக்னிலிங்கத்துக்கே திரும்பி ஓடினான். பிடி!' என்றது புத்தகம். ஒரு பக்கம் பின்னால் புரட்டினால் முடிந்தது.

யாரும் புரட்டவில்லை.

"மலைய எடமா சுத்தக் கூடாது டீச்சர்" என்றாள் கவிநிலா. "திருடன் ஓடுனா அவனுக்குப் பாவம். நாங்க சுத்தியே போறோம்."

பத்மினி விழித்தாள். கிரிவலமே போகாதவளுக்கு இது எங்கே தோன்றியிருக்கும்?

நிருதிலிங்கத்தில் ஒரு மூக்குப்பொடி டப்பி கிடந்தது. வருணலிங்கத்தில் மூன்று தும்மல் கேட்டது. நாற்பது கண்கள் மெல்ல, பொடி டப்பி புடைத்துக்கொண்டிருந்த என் சட்டைப்பைக்குத் திரும்பின. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஒரு குற்றமும் செய்யாத என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயுலிங்கத்தில், திருடன் நடந்தால் செருப்பு கீச்சுக் கீச்சென்னுமாம். நழுவலாம் என்று எழுந்தேன். என் செருப்பு கீச்சென்றது. வகுப்பே எழுந்து கத்தியது.

அருணாதேவியின் போன் அடித்தது. "வந்துட்டே இருக்கேங்க, குபேரலிங்கத்துக்கிட்ட" என்று கூசாமல் சொல்லிவிட்டு, "அடுத்த பக்கம் படிம்மா!" என்றார்.

மலையைச் சுற்றி முடித்து, 'திரும்பி வந்தால் மட்டும் திற' என்று அக்னிலிங்கப் படத்தில் ஒட்டியிருந்த தாளைக் கவிநிலா தூக்கினாள். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அண்டாவைக் கட்டிப்பிடித்து ஒருவர் தூங்கினார். நேராகத் திரும்பி வந்திருந்தால் யாரோ வழிப்போக்கன் என்று போயிருக்கும்.

"பரசுராமன் சாரு!" என்று மொத்த வகுப்பும் கூவியது.

"ஏம்மா, நானா கெடச்சேன் உனக்கு?" என்றேன்.

"புள்ளைங்க அந்தப் பக்கத்துக்கெல்லாம் போவாதுங்கன்னு நெனச்சேன் சார்" என்று பத்மினி தரையைப் பார்த்தாள்.

அருணாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: 'வாரம் ஒரு மணி நேரம் போதாது. இரண்டாக்கவும்.'

"ரெண்டாவது மணி நேரத்த யாரு மேடம் எடுக்கறது?" என்றேன் விறைப்பாக.

"சுண்டல் தின்னவருதான்" என்றார்.

பத்மினி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து, பாழாய்ப் போன சிரிப்பு எனக்கே முதலில் வந்துவிட்டது.