படுத்துப் பாத்து டிக்கெட் எடுங்க

டிராவல்ஸ் தொழில்ல இருக்கிறவங்கன்னா யாருன்னு நெனைக்கிறீங்க, தான் ஒருநாளும் படுக்காத கட்டிலைப் பத்தி அடுத்தவங்களுக்கு வகுப்பு எடுக்கிறவங்கதான். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்து பொழைக்கிற உங்க எல்லாருக்கும் இது தெரியும். நகைக்கடையில நிக்கிற பொண்ணு, தனக்கு வாங்க வக்கில்லாத ஆரத்தைக் கழுத்துல வச்சுக் காட்டலையா, அந்தப் பொழப்புதான்.

நம்ம ஆபீசு துறைமுகத்துப் பக்கம் கல்மண்டபம் ஏரியாவுல, வலையும் கயிறும் விக்கிற கடைக்கு மேல மாடியில இருக்கு. நானும் ஹமீதாவும் ரெண்டே பேரு. டிக்கெட் என் வேலை, விசா பாரம் அவ வேலை. கப்பல் வேலைக்குப் போறவங்களுக்கும் துபாய்க்குப் போறவங்களுக்கும் சாதா சீட்டு போட்டுக் குடுத்துக்கிட்டு நிம்மதியா இருந்தேன். இந்த நாலஞ்சு வருஷமாத்தான் பிசினஸ் கிளாஸ் கேட்டு ஆளுங்க வர்றாங்க. அமெரிக்கான்னா பாதி வழியில எறங்கி மாறி, அப்புறம் ஒரே மூச்சுல பதினாலு மணி நேரம். வந்து உக்காந்ததும் கேக்குற ஒரே கேள்வி, எந்த சீட்டுல நல்லா தூங்கலாம்? நான் பிளேன்ல போனது ஒரே தடவை, மதுரைக்கு. அதுலயும் சாமி கும்பிட்டுக்கிட்டே போனேன். இதை எந்தக் கஸ்டமர்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன்.

இரும்பு வாங்குற மாதிரி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல அமீர் பாய்னு ஒருத்தர். ஆறடி ரெண்டு அங்குலம். பழைய இரும்பு பாக்கறதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை அமெரிக்கா போவாரு. மொத தடவை அவருக்கு பிரீமியம் எகானமி போட்டேன். பேருல பிரீமியம் இருக்கே, அது போதும்னு நெனைச்சேன். அது சாயும், ஆனா சலூன் நாற்காலி சாயுற அளவுக்குத்தான் சாயும். கழுத்தைத் திருப்ப முடியாம, உடம்போட சேத்துத் திரும்பிக்கிட்டே மாடி ஏறி வந்தாரு.

அடுத்த தடவை விட்டேனா பாருன்னு பிசினஸ் கிளாஸ் போட்டேன். முழுசா மட்டமா படுக்கலாம், ஆறரை அடி நீளம், படத்துல ஒரு வெள்ளைக்காரம்மா சிரிச்சிக்கிட்டே தூங்குது. இதுக்கு மேல இன்னா வேணும்? பாய் திரும்பி வந்தாரு. கழுத்து நல்லா இருந்துச்சு, இப்ப காலு. அந்த சீட்டுல நீளத்தோட கடைசி ரெண்டடி, முன்சீட்டுக்கு அடியில இருக்கிற ஒரு பொந்து. காலை அதுக்குள்ள சொருகிக்கணும். பாய் பத்து நம்பர் செருப்பு போடுற ஆளு. ரெண்டு பாதத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ராத்திரி பூரா அசையாம கெடந்திருக்காரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நீளம் சரியாத்தானே பாத்தேன்னு வாய்க்கு வாய் பேசினேன். அவரு கோவப்படல. கைப்பையில இருந்து இரும்புக்கடையில அளக்குற டேப்பை எடுத்து மேஜை மேல வச்சுட்டுச் சொன்னாரு: "மேடம், எங்க கடையில கம்பி வாங்க வர்றவன்கூட நீளம் மட்டும் கேட்டுட்டுப் போவ மாட்டான். அகலம் இன்னா, தடிமன் இன்னான்னு கேப்பான்."

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் சாக்பீஸ். சீட்டோட அளவைத் தேடி எடுத்து, ஆபீசு தரையில கோடு போட்டு, கஸ்டமரை அதுல படுக்கச் சொல்லுவேன். கால் பொந்துக்கு, காசிமேட்டுல மீன் போடுற தெர்மாகோல் பெட்டி ஒண்ணை வாங்கிக் கழுவி, அளவுக்கு அறுத்து வச்சிருக்கேன். எவ்ளோ கழுவியும் வஞ்சிரம் வாசனை போவல.

உக்காராத கஸ்டமர்

ஏழுமலை அண்ணன் வியாசர்பாடி. துறைமுகத்துல கன்டெய்னர் தூக்குற கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. அந்த கிரேன் கேபின் மாடி வீடு மாதிரி உசரத்துல தொங்கும். தரை கண்ணாடி. ஓட்டுறவரு ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலையைக் குனிஞ்சு, கீழ பாத்துக்கிட்டே இருக்கணும். முப்பது வருஷம் அப்படிக் குனிஞ்சதுல முதுகெலும்பு தட்டு தேய்ஞ்சு போச்சு. ஆபீசுக்குள்ள வந்தவரை உக்காருங்கண்ணேன்னா, பரவால்லம்மான்னு நின்னுக்கிட்டே பேசினாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல சேந்தாப்போல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்.

அவரு பொண்ணு யசோதரா சிகாகோவுல டாக்டர் பட்டம் வாங்குது. ஊசி போடுற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி டாக்டர். அவங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு அதான். அம்மா ஒரு மாசம் முன்னாடியே சாதா சீட்டுல போய்ச் சேந்துட்டாங்க. அப்பாவுக்கு மட்டும் படுத்துக்கிட்டு வர்ற சீட்டு எடுக்கச் சொல்லிப் பொண்ணு பணம் அனுப்பியிருக்கு. போன வருஷம் இவரு பஸ்ல திருப்பதி போனாராம். எறங்கும்போது ரெண்டு பேரு தூக்கித்தான் எறக்கினாங்க. ஒம்போது நாளு எழுந்திருக்கல. அது நாலு மணி நேரம். இது ரெண்டு பிளேனும் சேத்துப் பத்தொம்போது மணி நேரம். அங்க போயி எறங்கி, பொண்ணு வூட்டுக் கட்டில்ல விழுந்து கெடக்க, விழா பாட்டுக்கு நடந்து முடிஞ்சிட்டா? அந்த ஒரு பயம்தான் அவருக்கு. என்கிட்ட சொன்னது இதுதான்: "மேடை ஏறப்போறது எம்பொண்ணு. அதைப் பாக்கணும்னா நான் எய்ந்து நிக்கணும்ல."

மனுசன் மடங்கித்தான் படுப்பான்

என்கிட்ட இருந்த சீட்டுகள்லயே ஒசத்தியானதை வரைஞ்சேன். கதவு வச்ச சீட்டு. இன்டர்நெட்ல இருக்கிற அத்தனை மகானுபாவனும் இதுல தூங்குற மாதிரி வேற எதுலயும் தூங்க முடியாதுன்னு எழுதியிருந்தான். கோடு போட்டு, தெர்மாகோல் பெட்டியைக் கால்மாட்டுல வச்சு, ஹமீதாவோட தொழுகைப் பாயை ஓரமா எடுத்து வச்சுட்டு, படுங்கண்ணேன்னு சொன்னேன்.

அவரு சுவத்தைப் புடிச்சி மெதுவா எறங்கி, ஒருக்களிச்சுப் படுத்தாரு. முட்டி ரெண்டையும் மடக்கி, நடுவுல தன் பையைத் தலகாணி மாதிரி சொருகிக்கிட்டாரு. முட்டி கோட்டுக்கு வெளிய முக்கா அடி. பாதம் பெட்டிக்குள்ள போவவே இல்ல. நேரா மல்லாந்து படுத்துப் பாருங்கண்ணேன்னேன். மல்லாந்தாரு, ரெண்டே நிமிஷத்துல மூஞ்சி மாறிடுச்சு. பழையபடி ஒருக்களிச்சாரு. ஒசத்தி சீட்டு, கதவு, பெரிய டிவி, எல்லாம் இருந்தும் இந்த மனுஷனுக்கு அது ஒரு குழாய். நான் சாக்பீசும் கையுமா நின்னேன். தரையில படுத்தபடியே என்னைப் பாத்துச் சொன்னாரு: "நேரா நீட்டிப் படுக்குறது பொணந்தாம்மா. மனுசன் மடங்கித்தான் படுப்பான்."

ஜூலியட் அக்கா

அந்த நேரம் பாத்து, மீன் ஏலம் விடுற ஜூலியட் அக்கா விசா பாரம் வாங்க மாடி ஏறி வந்தாங்க. கதவைத் தொறந்தா, தரையில ஒரு பெரியவரு சுருண்டு கெடக்குறாரு, நானும் ஹமீதாவும் ரெண்டு பக்கமும் நிக்கிறோம். அக்கா வாசல்லயே நின்னுட்டாங்க. நான் விளக்கம் சொல்றதுக்குள்ள அவங்களே கேட்டாங்க: "இன்னாடி, டிக்கெட்டு வெலைய சொல்லிட்டியா?"

பிளேன் மாறிடுச்சு

பொந்து இல்லாத இடம் ஒண்ணு உண்டு. மொத வரிசை. முன்னாடி சீட்டே இல்லாததால கால் வைக்கிற இடம் அகலமா இருக்கும். இதைக் கண்டுபுடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. பிளேன் கம்பெனிக்குப் போன் மேல போன் போட்டு மொத வரிசையில ஒண்ணைப் புடிச்சேன். புதன்கிழமை கெளம்பினா அன்னிக்கே சிகாகோ. சனிக்கிழமை விழா. நடுவுல ரெண்டு நாள் முதுகுக்கு ரெஸ்ட். நான் ரொம்ப கெட்டிக்காரின்னு ஹமீதாகிட்ட நானே சொல்லிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மெயில் வந்துச்சு. பெரிய பிளேனுக்கு, அதான் அந்தப் பதினாலு மணி நேரத்துக்கு, வேற பிளேன் மாத்திட்டாங்க. சீட்டுப் படத்தைத் தொறந்து பாத்தா, ஜன்னலோரம் ஒண்ணு, நடுவுல ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு இருந்த வரிசை, எல்லாப் பக்கமும் ரெண்டு ரெண்டா மாறிக் கெடக்கு. பழைய மாடல். படத்தைப் பெருசாக்கி உத்து உத்துப் பாத்தேன். ஏன்னா பழசுல ஒரு ரகம் சரிவா இருக்கும். படுத்தா கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிக் கீழ வருவோம். ஏழுமலை அண்ணன் முதுகுக்கு அது ஆவவே ஆவாது. உண்மையைச் சொல்றேன், அவருகிட்ட சொல்லாம விட்டுடலாமான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. சீட்டு நம்பர் அதேதான் இருந்துச்சு, அவருக்கு எங்க தெரியப் போவுது? அப்புறம் என் மேலயே எனக்கு அசிங்கமாப் போச்சு. கம்பெனிக்குப் போன் போட்டேன். வேணும்னா நீங்க மொதல்ல எடுத்த அதே சீட்டோட வெள்ளிக்கிழமைக்கு மாத்தித் தர்றோம்னாங்க. அப்படின்னா வெள்ளி சாயங்காலம் போய் எறங்கி, மறுநாள் காலையில விழா. பிளேன் கொஞ்சம் லேட் ஆனாலும் போச்சு. புதன்கிழமை பிளேன்ல சீட்டு சரிவா, மட்டமான்னு நாலு தடவை கேட்டேன். போன்ல பேசின கம்பெனித் தம்பி தேனொழுகச் சொன்னான்: "மேடம், ரெண்டுமே பிசினஸ் கிளாஸ்தான் மேடம்."

பாயோட டேப்பு

எனக்குத் தெரிஞ்சு அந்தப் பிளேன்ல படுத்திருக்கக்கூடிய ஒரே ஆளு அமீர் பாய். போன் போட்டா, பின்னாடி லாரியில கம்பி எறக்குற சத்தம் காதைக் கிழிக்குது. கத்திக் கேட்டேன். போன தடவை அதுலதான் வந்தேன்னு அவரும் கத்தினாரு. கதவு கிடையாது, தடுப்பு கிடையாது, பக்கத்து ஆளு குறட்டை நம்ம காதுல, ஒரே பேஜாருன்னு அடுக்கினாரு. பாய், சரிவா மட்டமான்னேன். மட்டம்தான், வழுக்கலன்னாரு. கால் பொந்து? அதுக்கு அவரு சொன்னதைக் கேட்டு, போனை வச்சுட்டு நாற்காலியில அப்படியே சாஞ்சிட்டேன்: "பொந்தே இல்ல மேடம், தொறந்து கீது. நான் டேப்பு போட்டுப் பாத்தேன், கால்மாட்டுல இருபத்திரெண்டு இன்ச்சு."

ஈரத்துணியால பழைய கோட்டை அழிச்சேன். புதுசா வரைஞ்சேன். பெட்டியைத் தூக்கி மூலையில போட்டேன். மறுநாளே ஏழுமலை அண்ணனை வரச் சொல்லி, பிளேன் மாறினதையும் என் பயத்தையும் மறைக்காம சொல்லிட்டு, படுக்கச் சொன்னேன். ஒருக்களிச்சாரு, மடக்கினாரு. முட்டி உள்ள, பாதம் உள்ள. கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல. பக்கத்து ஆளைத் தாண்டாம அப்பப்போ எழுந்து நடக்கட்டும்னு நடைபாதை ஓரத்து சீட்டா மாத்தினேன். அண்ணன் எழுந்து வேட்டியில ஒட்டின சுண்ணாம்பைத் தட்டிக்கிட்டே கேட்டாரு: "இதைத்தான் பழசுன்னு கழிச்சுக் கட்டுறாங்களா? இன்னா ஜனமோ."

வீல்சேர்

பாதி வழியில பிளேன் மாறுற ஊர்ல ஏர்போர்ட் ரொம்பப் பெருசு, நடக்க வேணாம், வீல்சேர் எழுதிடுறேன்னேன். வேணாம்னாரு. நல்லதுக்குத்தானே சொல்றேன், வயசு அறுபத்திரெண்டு ஆவுது, இன்னா பிடிவாதம்னு சத்தம் போட்டேன். பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாரு: "வீல்சேரும் சேர்தானம்மா."

குரல் செய்தி

புதன்கிழமை போனவருகிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல. பொண்ணு நம்பருக்கு மெசேஜ் போட்டா பதில் இல்ல. வியாழன், வெள்ளி, சனி, வேலையே ஓடல. மஸ்கட் போறவருக்கு மணிலா டிக்கெட் எடுக்கப் போனேன், ஹமீதா புடிச்சா. பஸ்ல இருந்து தூக்கி எறக்கின கதை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அளவு எடுத்தது நான், சீட்டு சொன்னது நான். அவரு படுக்கையில கெடந்தா அது என் கணக்குல.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு போட்டோ வந்துச்சு. பெரிய மண்டபம், எல்லாரும் நாற்காலியில உக்காந்திருக்காங்க. ஓரத்துல, சுவத்துல சாயாம, கோட்டு போட்டுக்கிட்டு ஏழுமலை அண்ணன் நிமிந்து நிக்கிறாரு. கூடவே அவங்க வூட்டம்மாவோட குரல் செய்தி. நானும் ஹமீதாவும் போன்ல பேசிக்கிட்டே அதை மூணு தடவை போட்டுக் கேட்டோம். நான் வெக்கமில்லாம அழுதேன், அவளும்தான். அந்தம்மா சொன்னது: "மூணு மணி நேரமும் நின்னுகினேதான் பாத்தாரும்மா. அங்க வேலை செய்ற புள்ள ஓடியாந்து நாற்காலி போட்டுச்சு, இவரு அதுல என் பையைத் தூக்கி வச்சுட்டாரு."

ஒரே கேள்வி

ஆறு வாரம் கழிச்சு ஊர் திரும்பி, நேரா ஆபீசுக்கு வந்தாரு. கையில சாக்லேட்டு டப்பா. வழக்கம்போல நின்னுக்கிட்டே பேசினாரு. எனக்கு எல்லா விவரமும் வேணும். அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லணும்ல. தூங்கினீங்களாண்ணே, எத்தனை மணி நேரம் தூங்கினீங்க? விமானப் பொண்ணு மெத்தை விரிச்சு, போர்வை குடுத்து, விளக்கை அணைச்சுட்டுப் போச்சாம். பிளேனே தூங்குச்சாம். பக்கத்துல படுத்த ஆளு கப்பல் சங்கு மாதிரி குறட்டையாம். இவரு முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சு, ஒருக்களிச்சுப் படுத்து, பதினாலு மணி நேரமும் முழிச்சிக்கிட்டே போயிருக்காரு. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல.

எனக்கு மூஞ்சி விழுந்து போச்சு. இவ்ளோ கோடு போட்டும் தோத்துட்டேனே. முதுகு வலியான்னேன். வலியே இல்லன்னாரு. குறட்டையான்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்லன்னாரு. அப்புறம் ஏண்ணே தூங்கலன்னு கேட்டேன். இது கூடவா தெரியாதுன்ற மாதிரி என்னைப் பாத்தாரு. "அம்மாந்தூரம் எம்பொண்ணு என்னியப் படுக்க வச்சி இட்டுகினு போறா. அதுல போயி தூங்குவனா?"

ஆக, தூங்குறதுக்குன்னு நான் இதுவரைக்கும் வித்ததுலயே உருப்படியான ஒரே சீட்டுல ஒரு மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கல.