நனைத்துக் கட்டிய குழாய்

வாளியில் ஊறும் நாடாவைத் தொடுவதற்கு முன்னால், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆறிப்போன புகைக்குழாயில் காதை வைத்துக்கொள்கிறார் கட்டுக்காரர். ஸ்பேனரின் பிடியால் லேசாகத் தட்டுகிறார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது. பேசினால், "சும்மா இருங்கப்பா, அது சொல்றது காதுல விழல" என்று அடியிலிருந்து குரல் வரும். பட்டறை அவருடைய மனைவியின் தம்பியுடையது. "மாமா குசலம் விசாரிக்கிறாரு, ரேடியோவ நிறுத்துங்க" என்பான் அவன்.

எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய் கொதிக்கும். அந்தச் சூடு வண்டியின் தரையை எட்டாமலிருக்க, வெப்பம் தாங்கும் கண்ணாடியிழை நாடாவை அதன்மேல் சுற்றுவதுதான் அவர் வேலை. காய்ந்த நாடா படியாது, தூள் பறக்கும். ஆகவே நனைத்து, ஒரு சுற்றின்மேல் பாதி அடுத்த சுற்று ஏறும்படி இழுத்துக் கட்டி, எஃகுப் பட்டையால் இறுக்குவார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஈரமெல்லாம் ஆவியாகிப் போகும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

நாடாவின் கண்ணாடித் தூள் பட்டால் தோல் அரித்தெடுக்கும். அவர் சொறியவே மாட்டார். "சொறிஞ்சா அதுக்குக் கொண்டாட்டம்" என்பார். அந்தச் சட்டையோடு மனைவி வீட்டுக்குள் விடுவதில்லை, மிச்ச நாடாவையும் விடுவதில்லை. அதனால் மண்வெட்டிப் பிடி, ஆடுகிற வேலிக்கம்பு என்று வாசலோடு நின்றுபோன சாமான்கள் எல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. "ஆஸ்பத்திரி வாசல்ல குடியிருக்கிற மாதிரி இருக்கு" என்கிறார் அந்த அம்மாள்.

தான் கட்டியதைத் தானே அவிழ்த்ததில்லை என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. பச்சை வேன் வரும்வரை இருந்தது.

வேன் ஒரு துணி வியாபாரியுடையது. போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் அதற்குக் கட்டுப் போட்டவர் இவர்தான். சந்தைக்குப் போகும்போது குழந்தையின் தொட்டிலைப் பின்சீட்டின் காலடியில் வைக்கிறார்கள், தரை சுடுகிறது என்று வந்திருந்தார்கள். அன்று தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழாயில் காதை வைத்தார், மழைதான் கேட்டது. பழைய குழாய்தான், இருந்தாலும் தாங்கும் என்று கட்டினார். வியாபாரியோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். ஓடுகிறபோது காய்ந்துவிடும் என்று கட்டுக்காரரும் ஈரத்தோடு அனுப்பிவிட்டார்.

இப்போது வியாபாரி வேனை விற்கப் போகிறார். "மேல புதுசா ஒரு சுத்து சுத்திக் குடுங்கண்ணே. வாங்குறவன் பாத்தா பளிச்சுனு இருக்கணும்."

"வண்டி நல்லாத்தானே ஓடுது, ஏன் விக்கிற?"

"வண்டிய ஒரு குத்தமும் சொல்ல முடியாது. எங்க பாப்பா வீட்டுல ஊரையே கூட்டும். இதுல ஏறினா அழவே அழாது. அப்படியே சாஞ்சிடும், எறக்கினாலும் முழிக்காது." சிரித்துக்கொண்டே சொன்னார். "இவதான் இதுல ஏற மாட்டேங்கறா."

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனிலிருந்து தள்ளியே நின்றிருந்தார். ஏன் என்று கட்டுக்காரர் கேட்டதற்கு, கணவரைப் பார்க்காமல் சொன்னார்.

"பின்சீட்ல என் பக்கத்துல யாரோ வந்து உக்காந்துக்கறாங்கண்ணா. ரகசியம் பேசற மாதிரி காதுகிட்ட உஸ்ஸுன்னு சத்தம். திரும்பணும்னு நினைப்பேன், தலை திரும்பாது. சந்தையில கதவத் திறந்ததும் எறங்கிப் போயிடறாங்க."

"பாருங்க, இதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா" என்றார் வியாபாரி.

கட்டுக்காரர் குனிந்து வேனின் அடியைப் பார்த்தார். "நான் கட்டிக் குடுத்த அன்னைக்கு வண்டி எவ்வளவு தூரம் ஓடுச்சு?"

"எங்க ஓடுச்சு? மழையில சந்தையே கூடல. வீட்டுல நிறுத்தினதுதான், மழை முடியறவரைக்கும் எடுக்கல."

கட்டுக்காரர் பிளேடை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். வெளியே கட்டு அவர் கட்டிய அன்று போலவே வரிசை குலையாமல் இருந்தது. அறுத்து இழுத்தார். நாடாவோடு குழாயும் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. ஈரத்தைக் குடித்த துரு உள்ளேயே தின்று தீர்த்திருந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வாய். அந்த வாய்க்கு நேர் மேலே, வேனின் தரையில், ரப்பர் மூடி விழுந்துபோன ஓட்டை. அதன் வழியே தொட்டிலின் விளிம்பு தெரிந்தது.

வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. மைத்துனன் குனிந்து பார்த்தபோது முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

வந்ததும் அந்தப் பெண்ணிடம்தான் போனார். "நீ சொன்னது நெசந்தாம்மா. உன் பக்கத்துல உக்காந்திருந்தது புகை. நான்தான் மூடி வெச்சிருந்தேன். பாப்பா தூங்கல, மயங்கிக் கிடந்திருக்கு. இப்பவே டாக்டர்கிட்டக் காட்டுங்க, எப்பிடி ஆச்சுன்னும் சொல்லுங்க." வியாபாரியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

புதுக் குழாய் போட்டார், தரையின் ஓட்டையை அடைத்தார், நனைத்துக் கட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, கடைசி ஆவியும் அடங்கும்வரை நின்றார். குழந்தைக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னாராம். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அந்தப் பெண் வேனின் அருகே வரவில்லை.

கட்டுக்காரர் பின்கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். "எஞ்சினப் போடு. நானா கதவத் திறக்கிறவரைக்கும் யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

வேன் உறுமியது. அவர் முதலில் சீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பிறகு, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டு, அந்தப் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.