அவெர்பெக் பண்ணையின் பங்காளி

லுட்கர் அவெர்பெக்குக்குத் தன் பெயரைச் சொல்வதில் ஒரு தனி ருசி. எங்கள் மூன்ஸ்டர் பக்கத்தில் தொலைபேசியை எடுத்ததும் குடும்பப் பெயரைத்தான் சொல்வோம். மற்றவர்கள் அதைத் தும்மல் போலச் சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வருவார்கள். லுட்கர் சொன்னால் சாமி ஊர்வலம் மாதிரி வரும். முதலில் 'அவெர்'. கொஞ்சம் நிதானம். அப்புறம் 'பெக்'. ஓடைக்கு அப்பால் இருப்பவன் என்று அர்த்தம். பண்ணை ஓடைக்கு அப்பால் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஓடையை அவனுடைய வாத்துகள் கோடையில் கால் நனையாமல் நடந்தே கடக்கும். இதைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பட்டாள சேவைக்காக வடக்கே போன நாட்களைத் தவிர அவன் அந்தப் பண்ணையை விட்டு வேறெங்கும் தூங்கியதில்லை. அவனுடைய இருபத்தேழு வயதில் அப்பா இறந்ததும் பன்றிகளும் வயலும் அவன் தலையில் விழுந்தன. பன்றி விலை சரிந்த வருடங்களில் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கொட்டகையை மூடின. இவன் மூடவில்லை. காரணம் கேட்டால், "அவெர்பெக்குங்க மூடறதில்ல" என்பான். மனைவி மெக்டில்ட் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் பேருந்து ஓட்டிக் கொண்டுவந்த சம்பளம்தான் கொட்டகையைத் திறந்து வைத்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அவளும் அதைச் சொல்லிக் காட்டமாட்டாள். அதாவது, அடிக்கடி சொல்லிக் காட்டமாட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆக்னெஸின் மதுக்கடையில் நாங்கள் சீட்டாடுவோம். லுட்கர், நான், கிளெமென்ஸ் ஹோல்ட்கோட்டர் மூன்று பேர். நான்காவது கை ஆக்னெஸ். கிளெமென்ஸ் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் போடுகிறவன். அவன் குடும்பப் பெயருக்குக் காட்டோரக் குடிசைக்காரன் என்று பொருள். அந்தக் காலத்தில் குடிசைக்காரனுக்கு ஒரு மாடும் ஒரு துண்டு தோட்டமும் இருக்கும். மீதி நாளெல்லாம் பெரிய பண்ணையில் வேலை செய்யவேண்டும். லுட்கர் சீட்டில் தோற்கும்போதெல்லாம் அந்தக் காலம் திரும்பி வந்துவிடும்.

"உங்காளுங்க எங்க வயல்ல உருளைக்கிழங்கு தோண்டுனவங்க" என்பான். "நாங்க விடுகிண்ட் கூட குதிரையில போனவங்க."

விடுகிண்ட் என்பவன் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் பேரரசனை எதிர்த்து நின்ற எங்கள் சாக்சன் தலைவன்.

"குதிரையில போனாங்களா, குதிரைய கழுவினாங்களா?" என்பான் கிளெமென்ஸ். அடுத்த சீட்டைப் போடுவான்.

லுட்கருக்கு ஒரே மகள், அன்னிகா. விவசாயம் படித்துவிட்டு வந்தவள். கொட்டகையில் அப்பாவைவிடக் கெட்டிக்காரி. பண்ணையை எடுத்து நடத்த அவளுக்கு ஆசை. அதில் லுட்கருக்கும் சந்தோஷம். சிக்கல் யான் என்ற பையனால் வந்தது. காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவன், கிழக்கே தூரிங்கியாக்காரன், நல்ல பிள்ளை. அவன் குடும்பப் பெயர் சாவர்பியர். புளித்த பியர் என்று அர்த்தம். கற்பனை இல்லை, அங்கே அப்படிப் பெயர் உண்டு.

"நானூறு வருஷமா அவெர்பெக் ரத்தம் ஓடுற எடத்துல புளிச்ச பியர ஊத்தச் சொல்றியா?" என்று லுட்கர் மகளிடம் கேட்டான்.

"ரத்தம் ரத்தம்னு சொல்றியே, பாத்துருவோமா அந்த ரத்தத்த?" என்றாள் அன்னிகா.

அறுபதாவது பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். உள்ளே பஞ்சுக் குச்சிகள். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து அனுப்பினால், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கி வரும் மரபணுக் குறியைப் பார்த்து, அந்த வழி எங்கிருந்து வந்தது, இன்னும் யாரிடமெல்லாம் இருக்கிறது என்று சொல்வார்களாம். லுட்கர் பஞ்சைத் தேய்த்த தேய்ப்பைப் பார்த்த மெக்டில்ட், "பல்லு கழண்டுரும், மெதுவா" என்றாளாம். விடுகிண்டின் பேரன் என்று ஒரு சான்றிதழ் வரும், கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று அவன் நினைத்திருந்தான். மாட்டும் இடத்தைக்கூட எனக்குக் காட்டினான்.

முடிவு பிப்ரவரியில் வந்தது. அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் இந்தப் பரிசோதனையில் ஒரு சங்கடம் உண்டு: பொருத்தம் கிடைத்தால் இரண்டு பக்கமும் தகவல் போய்விடும். அந்த வியாழன் லுட்கர் கடைக்குள் நுழைந்தபோது கிளெமென்ஸ் ஒரு நாற்காலியைத் தயாராக இழுத்துப் போட்டு வைத்திருந்தான்.

"வா பங்காளி, உக்காரு."

"சீட்ட போடு" என்றான் லுட்கர்.

"போடறேன். மொதல்ல குடும்ப விஷயத்த பேசிருவோம்."

கிளெமென்ஸின் குடும்பத்தில் ஒரு கிளை அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்த மிசூரிச் சொந்தக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே இவனிடமும் கன்னத்தைத் தேய்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது லுட்கரின் குறி இவனுடைய குறியோடும் மிசூரிக்காரர்களின் குறியோடும் அப்படியே ஒட்டிப்போனது. இருநூறு முந்நூறு வருடத்துக்குள் இவர்களுக்கு ஒரே பாட்டன். அந்தப் பட்டியலில் ஹோல்ட்கோட்டர்கள் வரிசையாக நின்றார்கள். அவெர்பெக் ஒருவர்கூட இல்லை.

"பெரிய பண்ணைக்காரங்க பஞ்சு தேச்சு அனுப்பியிருக்கமாட்டாங்க" என்றான் லுட்கர்.

"அது மட்டுமில்ல. அந்த வழி ரொம்பப் பழைய காலத்துல கிழக்க ஸ்லாவியருங்க பக்கமிருந்து வந்ததாம். விடுகிண்ட் கூட போனீங்கன்னா எதிர்ப்பக்கத்துலேர்ந்துதான் போயிருப்பீங்க."

"உனக்கும் அதே வழிதான?"

"ஆமா, எனக்கும் அதான் வந்துச்சு. அன்னிக்கு நான் சூப்ப குடிச்சிட்டு படுத்துட்டேன்."

லுட்கர் அதையும் தாங்கிக்கொண்டிருப்பான். ஆக்னெஸ் கோர்ன் சாராயத்தை ஊற்றியபடி சும்மா இருந்திருக்கலாம்.

"அப்படின்னா எப்பவோ ஒரு அவெர்பெக் வீட்டம்மா காட்டுப்பக்கம் காளான் பறிக்கப் போயிருக்கா" என்றாள்.

லுட்கர் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். நல்ல சீட்டுகள், பிறகு நான் எடுத்துப் பார்த்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஈஸ்டர் முடிந்தும் அவன் கடைப்பக்கம் வரவில்லை. வீட்டு நடையில் மாட்டியிருந்த பழைய படங்களில் கறுப்பு உடையும் இறுக்கிய கொண்டையுமாக நின்ற பெண்கள் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தான். காலக்கணக்குப்படி படத்தில் இருந்த யாருக்கும் இதில் சம்பந்தமிருக்க முடியாது.

"அந்தப் பொம்பளைங்கள மொறைக்காத" என்றாள் மெக்டில்ட். "செத்துப்போனவ திருப்பிக் கேக்கமாட்டான்னு தைரியமா?"

"நான் சும்மா பாக்கறேன்."

"நீ சும்மா பாக்கறது எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட டிராக்டர இப்படித்தான் சும்மா பாத்த."

அவனுக்கு உள்ளே உண்மையாகவே வலித்தது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஒருநாள் பன்றிக் கொட்டகை வாசலில் என்னிடம் சொன்னான்: "வெல இல்லாத வருஷத்துல எல்லாம் நான் எதுக்கு விடாம நின்னேன் தெரியுமா? எங்கப்பன், அவங்கப்பன்னு வரிசையா பின்னாடி நிக்கறாங்கன்னு நெனச்சுக்குவேன். இப்ப திரும்பிப் பாத்தா கிளெமென்ஸ் நிக்கறான்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அன்னிகா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மே மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டு வாசலுக்குத் தேவதாரு இலையில் பெரிய மாலை கட்டித் தொங்கவிடுவது அக்கம்பக்கத்தாரின் கடமை. சண்டை, கோபம் எதுவானாலும் அதற்கு வந்தாக வேண்டும். அதனால் கிளெமென்ஸும் வந்தான், ஆக்னெஸும் வந்தாள். பெண்கள் காகித ரோஜாக்களைச் செருக, நான் ஏணியில் ஏறினேன். கிளெமென்ஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

பண்ணைவீட்டுப் பெரிய கதவின் மேலே குறுக்காக ஒரு கருவாலி உத்திரம். அதன் நீளத்துக்கும் பலகைகளை அறைந்திருந்தார்கள். துப்பாக்கித் திருவிழாவில் மரப்பறவையைச் சுட்டு வீழ்த்தி ராஜாவாகிறவனுக்கு ஊர் கொடுக்கும் வண்ணப் பலகைகள் அவை. லுட்கருடையவை இரண்டு, அவன் அப்பாவுடையது ஒன்று, தாத்தாவுடையது ஒன்று. மாலைக்கு இடம் வேண்டுமென்று மெக்டில்ட் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். உள்ளே மரத்தில் செதுக்கிய எழுத்துகள். பழுப்பு வண்ணம் பூசிப் பூசி மேடுபள்ளமே மூடியிருந்தது. விரலால் தடவித் தடவித்தான் படிக்க முடிந்தது.

"யோஹான் ஹைன்ரிஷ் ஹோல்ட்கோட்டர்" என்று படித்தேன்.

ஏணி ஒருமுறை ஆடியது.

"ஆட்டாத கிளெமென்ஸ். இன்னும் இருக்கு. 'இப்போது அவெர்பெக் என அழைக்கப்படுபவன். அன்னா கத்தரீனா அவெர்பெக். தம்பதி. இந்த வீட்டைக் கட்டினர், ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நாலு.'"

"இன்னொரு தடவ படி" என்றான் லுட்கர்.

படித்தேன். அவ்வளவுதான் விஷயம். அன்னா கத்தரீனா பண்ணையின் வாரிசு. அண்ணன் தம்பி இருந்திருக்கமாட்டார்கள். காட்டோரக் குடிசையிலிருந்து ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பண்ணைக்குள் கால் வைத்தவன் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொண்டான். அன்று எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். நிலம் பெண் வழியில் போனது, பெயர் நிலத்தோடு நின்றது, ரத்தம் மட்டும் ஹோல்ட்கோட்டருடையது.

மெக்டில்ட்தான் முதலில் பேசினாள். "ஆக, அவ காளான் பறிக்கப் போகல. பிடிச்சவன வீட்டுக்கு கூட்டிட்டு வந்திருக்கா. நம்ம பொண்ணு மாதிரி."

ஆக்னெஸ் கையிலிருந்த சின்னக் கிண்ணத்தை உத்திரத்தைப் பார்த்து உயர்த்தினாள். "மன்னிச்சுக்கோம்மா. வாய் சும்மா இருக்கல." ஒரே மடக்கில் குடித்தாள்.

"ஹோல்ட்கோட்டர்ங்கற பேர் மேல சரியா ஆணி அடிச்சது யாரு?" என்று கேட்டான் கிளெமென்ஸ்.

"எங்க தாத்தா" என்றான் லுட்கர். "அவருக்கு வேற எடமா இல்ல?" அவனே கேட்டுக்கொண்டு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தான். பிப்ரவரியிலிருந்து இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்கியது. பாட்டிமார் மானம் தப்பியது. குதிரைவீரர்கள் போனது போனதுதான்.

பிறகு எழுந்து, காகித ரோஜாக் கூடையோடு நின்ற யானிடம் போனான்.

"யான். அந்த ஹைன்ரிஷ் செஞ்சத நீயும் செய். அவெர்பெக்னு பேர மாத்திக்கோ. பண்ண ஒங்க ரெண்டு பேருக்கும். என் பக்கம் எந்தத் தடையும் இல்ல."

இது லுட்கரின் வாயிலிருந்து வந்த பெரிய தானம். பெண்டாட்டி பெயரைப் போட்டுக்கொள்கிற ஆண்களை அவன் முன்பு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் யான் பக்கம் திரும்பினோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க, லுட்கர்" என்றான் யான். "என்னால முடியாது."

"ஏன்? இது அவ்வளவு நல்ல பேரா?"

"இல்ல, மோசமான பேருதான். மொத வகுப்புலயே டீச்சர் பேரக் கூப்பிடும்போது சிரிச்சாங்க. மதுக்கடையில பேரச் சொன்னா, குடுத்த பியர மாத்தித் தர்றாங்க. எத்தன பேர்கிட்ட இதுக்காக அடி வாங்கியிருக்கேன், எத்தன பேர அடிச்சிருக்கேன். இவ்வளவு பட்டுட்டு இப்ப விட்டா, பட்டதெல்லாம் வீணாப் போகும்."

லுட்கர் அவனை மேலும் கீழும் பார்த்தான். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பார்வை கோபம் போலத் தெரியும்.

"இது நல்ல காரணம்" என்றான். "கூடைய கீழ வை. வா, ஒரு கிளாஸ் குடிப்போம்."

பதிவு அலுவலகத்தில் அன்னிகா அவெர்பெக்காகவே இருந்தாள், யான் சாவர்பியராகவே இருந்தான். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. எங்கள் ஊர் கொடுக்கவில்லை. அறுவடை வருவதற்குள் தீவன லாரிக்காரன், தபால்காரி, பாதிரியார் எல்லோருக்கும் யான் 'சின்ன அவெர்பெக்' ஆகிவிட்டான். முதலில் திருத்திப் பார்த்தான். "சாவர்பியர்" என்று தொலைபேசியில் சொன்னால், "சரி அவெர்பெக், தீவனம் எப்ப வேணும்?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் பண்ணைதான் ஆளுக்குப் பெயர் வைக்கிறது. ஆளைக் கேட்டு வைப்பதில்லை. இப்போது அவன் இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறான்.

லுட்கர் பலகைகளை மறுபடி மாட்டவில்லை. ஆணி முனையால் பழைய வண்ணத்தைச் சுரண்டி, எழுத்துகளுக்கு வெள்ளை அடித்தான். அதனால் ஆள் அடங்கிவிட்டான் என்று நினைக்கவேண்டாம். பெருமை வீடு மாறியது, அவ்வளவுதான். இப்போது சீட்டில் ஜெயித்தால், "இது எங்க ஹோல்ட்கோட்டர் மூள" என்கிறான். கிளெமென்ஸின் பேத்தி நீச்சலில் பதக்கம் வாங்கியபோது ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். "எங்க வம்சத்துல எல்லாருக்கும் நுரையீரல் பெருசு" என்று பன்றி மருத்துவரிடம்கூடச் சொல்லியிருக்கிறான்.

"முன்னாடி இருந்த லுட்கரே பரவாயில்ல" என்றான் கிளெமென்ஸ் என்னிடம். "அவன் என்ன தள்ளித்தான் வெச்சிருந்தான்."

போன நவம்பரில், எல்லாப் புனிதர்களின் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்தில் ஊரே சிவப்பு விளக்குகளோடு நின்றது. லுட்கர் தன் அப்பா அம்மாவுக்கு ஏற்றினான். அப்புறம் கையில் இன்னொரு விளக்கோடு ஹோல்ட்கோட்டர்களின் வரிசைக்கு வந்து, கிளெமென்ஸின் அப்பா கல்லறையில் வைத்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். உயிரோடு இருந்தபோது அந்த மனிதரிடம் அவன் நாலு வார்த்தை பேசியிருக்கமாட்டான்.

கிளெமென்ஸ் பக்கத்தில் வந்து நின்றான். கல்லறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

"வெளக்கு வெச்சா போதுமா பங்காளி?" என்றான் பிறகு. "களை யாரு எடுக்கறது?"

லுட்கர் அந்தச் சாயங்காலமே ஈர மண்ணில் முட்டி போட்டுக் களை எடுத்தான். பாசியையும் விடவில்லை. வேண்டுமென்று நட்டிருந்த, பாசி போலப் படரும் பூச்செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான். கிளெமென்ஸின் மனைவி இன்னும் அதற்காக அவனிடம் பேசவில்லை.