வெள்ளை ஈக்குக் காட்டிய சாம்பிராணி

‘இளநிலை ஆய்வாளர், வெள்ளை ஈ ஒழிப்பு ஆய்வுத் திட்டம்’ என்று தாட்சாயிணியின் அடையாள அட்டை சொல்லியது. மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கு வந்து அவள் பார்த்த வேலையோ, வலைக்கூண்டுக்குள் கத்தரிச்செடி வைத்து வெள்ளை ஈக்களைப் பிள்ளை மாதிரி வளர்ப்பது.

கீரப்பாளையத்தில் உளுந்து போடும் அண்ணன் இளவரசுக்கு இது பொறுக்கவில்லை. “நான் இங்க மருந்தடிச்சுக் கொல்றேன், நீ அங்க ஆயா வேலை பாக்கற. அதுக்குச் சம்பளம் வேற.”

அவன் உளுந்தை மஞ்சளாக்கும் தேமல் வைரஸ் தானாகச் செடி விட்டுச் செடி தாவாது. வெள்ளை ஈயின் உடம்புக்குள் ஏறித்தான் போகும். அப்படி ஏற இடம் பிடித்துக் கொடுப்பது வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பேராசிரியர் பிரிசில்லாவின் கணிப்பு. அந்தப் புரதத்தில் ஓரிடத்தை மாற்றிய வைரஸ் தயார். அதை ஈ ஏற்றிக்கொள்கிறதா என்று பார்க்க, நோய் படாத ஈக்கள் வேண்டும். முடிவு வராவிட்டால் மார்ச்சோடு திட்டமும் தாட்சாயிணியின் வேலையும் காலி.

ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்தில் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், ஃப்ரிட்ஜுக்குக்கூட. சோறு போடும் பூச்சிகளை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்கு மட்டும் சாம்பிராணி காட்டுவது தாட்சாயிணிக்கு நியாயமாகப் படவில்லை. தட்டோடு கூண்டறைக்குள் போனாள். ஈ வெளியேறக் கூடாது என்ற ஒழுங்கில் கதவையும் சாத்திக்கொண்டாள்.

பொரி தின்றுவிட்டு வந்து பார்த்தால், சாத்திய அறையில் புகை தேங்கியிருந்தது; கூண்டின் தரையில் ஈக்கள் மாவு சலித்துக் கொட்டியது போலக் கிடந்தன. ஒன்றும் பறக்கவில்லை.

“மேடம், சாம்பிராணி காட்டிட்டேன்.”

“ஃப்ரிட்ஜுக்கா? நல்லது.”

“ஈக்கு.”

பிரிசில்லா பொரி மெல்லுவதை நிறுத்தினார். “புதுசா புடிச்சு, நோயில்லன்னு சோதிச்சு... மார்ச்சுக்குள்ள ஆவாதேம்மா” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பஸ்ஸில் போகும்போது அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். “இதுக்கா அழுவற? பை எடுத்துனு வா, வயல்ல அள்ளிக்கலாம்.”

“உன் வயல்ல இருக்கறது பூரா வைரஸ் புடிச்ச ஈ, அண்ணே.”

“சாம்பிராணிக்கே சாவற ஈயை வச்சிருக்க. நான் ஜாஸ்தி வெல குடுத்து மருந்தடிச்சாலும் அடுத்த வாரமே புதுசா வந்து நிக்குது. எலைக்கு அடியில ஒட்டிக்கெடக்கற குஞ்ச எவனால கொல்ல முடியுது?”

வருஷா வருஷம் கேட்ட புலம்பல்தான், பாடத்திலும் படித்ததுதான். பயத்தில் இரண்டும் மறந்துபோயிருந்தன. தாட்சாயிணி பி.முட்லூரில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தாள்.

கத்தரி இலையைத் திருப்பி லென்ஸ் வைத்தாள். அடியில் குஞ்சுகள் மெல்லிய செதில்களாக ஒட்டியிருந்தன. செத்திருந்தால் சுருங்கிக் கறுத்திருக்கும். இவை சாறு குடித்த மினுமினுப்போடு இருந்தன. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் கூண்டில் மறுபடி வெள்ளை பறந்தது. தை பிறந்து சோதனையும் முடிந்தது. இயல்பான உறை போட்ட வைரஸை ஈக்கள் சுமந்துபோய் உளுந்தை மஞ்சளாக்கின. உறை மாற்றிய வைரஸை அவை சீந்தவில்லை. அந்தச் செடிகள் பச்சையாகவே நின்றன. திட்டம் நீண்டது, வேலையும் நிலைத்தது.

வெள்ளை ஈ ஒழிப்புத் திட்டத்தில் தாட்சாயிணி அந்த வருஷம் முழுக்க வெள்ளை ஈ வளர்த்தாள்.